கார் வந்தால்தான் கூரைக்கு லாபம்: ஒரு ஈ.பி. பில்லை வைத்துக் கணக்கு

பெட்ரோல் காரா, மின்சாரக் காரா என்று பேச்சு எழுந்தால் மூன்று வாதங்கள் மாறி மாறி வரும். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டதே என்பார் ஒருவர். கரண்டும் நிலக்கரியில்தானே வருகிறது என்பார் இன்னொருவர். மாடியில் சோலார் போட்டுவிட்டால் வண்டி சும்மாவே ஓடும் என்பார் மூன்றாமவர். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் சொந்த வீட்டில் இருப்பவருக்கு விடை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈ.பி. பில்லில் இருக்கிறது. அதை எடுத்து எதிரில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 200 வரை மிகக் குறைந்த விலை, 400 வரை நாலே முக்கால் ரூபாய் அளவில், 500 வரை ஆறேகால் ரூபாய்க்குச் சற்று மேல். 500-ஐத் தாண்டினால் கதை மாறுகிறது. அடுத்த நூறு யூனிட் எட்டரை ரூபாய்ப் பக்கம், 600-க்கு மேல் ஒன்பதரைப் பக்கம், 800-க்கு மேல் பத்தரைப் பக்கம், 1,000-க்கு மேல் பதினொன்றரைக்கும் மேல். அதோடு, 500 என்ற கோட்டைத் தாண்டியவுடன் 101-லிருந்து 200 வரை கிடைத்த சலுகை விலையும் போய்விடும். இவை 2024 ஜூலை உயர்வுக்குப் பிந்தைய விலைகள்.

இப்போது இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் செலவழிக்கும் ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏ.சி., ஒரு ஃப்ரிட்ஜ், மோட்டார், நாலைந்து மின்விசிறி. பில் சுமார் 1,500 ரூபாய். அந்த வீட்டுக்கு ஒரு மின்சாரக் கார் வருகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது. நெக்ஸான் ஈ.வி. அளவுள்ள வண்டியின் டிஸ்ப்ளே 100 கிலோமீட்டருக்கு 14 யூனிட் என்று காட்டினால், மீட்டரில் ஓடுவது 16 யூனிட் என்று வையுங்கள். சார்ஜர் சூடாகிறது, பேட்டரி சூடாகிறது. பத்திலிருந்து பதினைந்து சதவீதம் அப்படிப் போய்விடும். டிஸ்ப்ளே எண்ணை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர், 320 யூனிட். வீட்டு மொத்தம் 770. பில் சுமார் 4,500 ரூபாய்.

காருக்கான 320 யூனிட்டுக்கு 3,000 ரூபாய் கூடியிருக்கிறது. யூனிட் ஒன்பது ரூபாய்க்கு மேல் விழுகிறது. ஆறு ரூபாய் கரண்டில் ஓட்டலாம் என்று ஷோரூமில் சொல்லும் கணக்கு இங்கே உடைந்துவிடுகிறது; கார் எப்போதும் பில்லின் கடைசிப் படியில்தான் ஏறி உட்காரும். ஆனாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான். அதே தூரத்துக்கு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் வண்டி 133 லிட்டர் குடிக்கும். 13,400 ரூபாய், கிலோமீட்டருக்கு ஆறே முக்கால். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் மைலேஜ் இன்னும் கொஞ்சம் குறையும், ஏனென்றால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக, சோலார் இல்லாமலேயே மின்சாரக் காருக்கு எரிபொருள் செலவில் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம்.

சோலார் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 720. இப்போதைய விலையில் நல்ல கட்டமைப்போடு இரண்டு லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் போக 1,22,000. கார் இல்லாத 450 யூனிட் வீட்டில் இதைப் போட்டால் மிச்சமாவது அந்த 1,500 ரூபாய் பில்தான், வருடத்துக்கு 9,000. போட்ட பணம் திரும்ப பதிமூன்று வருடத்துக்கு மேல் ஆகும். சின்னதாக 2 கிலோவாட் போட்டாலும் எட்டு ஒன்பது வருடம். கார் உள்ள 770 யூனிட் வீட்டில் அதே 3 கிலோவாட் பில்லை ஏறக்குறைய முழுதாகவே அழித்துவிடும். லைனிலிருந்து எடுத்த யூனிட்டில் கூரை திருப்பித் தந்ததைக் கழித்துத்தான் பில் வரும்; அந்த நிகர யூனிட் இலவச நூறுக்குள் அடங்கிவிடுகிறது. வருடத்துக்கு 27,000 மிச்சம். நாலரை வருடத்தில் முதல் திரும்பி வந்துவிடும்.

இதைத்தான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். சோலார் இருந்தால்தான் மின்சாரக் கார் கட்டுபடியாகும் என்று பலர் காத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கட்டணத்தில் நிலைமை தலைகீழ். கரண்ட் மலிவாகக் கிடைக்கும் சிக்கனமான வீட்டில் சோலார் மெதுவாகத்தான் பணத்தைத் திருப்பும். கார் வந்து பில்லை மேல்படிக்குத் தள்ளிய பிறகு, பேனல் வெட்டி எடுப்பது அந்த ஒன்பது ரூபாய் யூனிட்டுகளை. அதனால் காரை வாங்கி, இரண்டு பில் பார்த்துவிட்டு, பிறகு சோலார் அளவை முடிவு செய்வதே சரியான வரிசை. ஏற்கெனவே 1,000 யூனிட்டைத் தொடும் இரண்டு ஏ.சி. வீடாக இருந்தால் காத்திருக்க வேண்டாம், சோலார் தன் காலிலேயே நிற்கும். கார் வரப்போகிறது என்றால் 5 கிலோவாட் போட்டுக்கொள்ளலாம். 3 கிலோவாட்டுக்கு மேல் போனாலும் மானியம் மட்டும் அதே 78,000-தான்.

எல்லாருக்கும் மின்சாரக் கார் என்று நான் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மின்சாரக் காருக்கு முன்பிருந்த 5 சதவீதமே தொடர்கிறது. விலை இடைவெளி அதனால் சற்று விரிந்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் இரண்டு வண்டிகளுக்கும் ஆன்-ரோடு வித்தியாசம் மூன்று லட்சம் என்றால், கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் வீதம் 60,000 கிலோமீட்டர் ஓட்டினால்தான் அது ஈடாகும். மாதம் 1,000 ஓட்டுபவருக்கு ஐந்து வருடம். மாதம் 400 ஓட்டுபவருக்குப் பன்னிரண்டரை வருடம். அவர் பெட்ரோல் வண்டியிலேயே இருப்பது நல்லது, அதில் குற்றவுணர்ச்சிக்கு இடமே இல்லை. வீட்டில் சார்ஜ் போட வழியில்லாமல் முழுக்க வெளி ஃபாஸ்ட் சார்ஜரை நம்பியிருப்பவருக்கும் கணக்கு வேறு. யூனிட் இருபது ரூபாய் அளவில் கொடுத்தால் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு கரைகிறது.

நெடுஞ்சாலையையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் வரை பேட்டரியிலிருந்து போகும். 45 யூனிட் பேட்டரி, சென்னையில் நூறு சதவீதத்தோடு கிளம்பி 15 சதவீதத்தில் நிறுத்தினால் 225 கிலோமீட்டர். 80 வரை ஏற்றினால் அடுத்த 170. மதுரை 460. ஆகவே சாப்பாட்டுக்கு ஒன்று, காபிக்கு ஒன்று என இரண்டு நிறுத்தம், நல்ல ஃபாஸ்ட் சார்ஜரில் ஒவ்வொன்றும் அரை மணியிலிருந்து முக்கால் மணி. வேலை செய்யாத சார்ஜரும், பொங்கல் தீபாவளி வரிசையும் இதற்கு வெளியே. இரண்டு மூன்று ஆப்களில் முன்கூட்டியே பணம் போட்டு வையுங்கள். அந்தச் சார்ஜரில் கடைசியாக வண்டி ஏறியது எப்போது என்று பார்க்க முடிந்தால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வாரந்தோறும் இப்படி ஓடுபவர் யோசிக்கத்தான் வேண்டும்.

வாங்குவதாக முடிவானால் முதல் வேலை வீட்டு வயரிங். இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள்.

காரோடு வரும் சாதாரண சார்ஜர் 15 ஆம்ப்ஸ் பவர் பிளக்கில் செருகுவது. எலக்ட்ரீஷியன் வந்து, கீசர் ஓடுகிற பிளக்தானே, தாங்கும் என்பார். கீசர் பதினைந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். கார் பதின்மூன்று, பதினாலு ஆம்பியரை ஆறு எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். சாக்கெட்டின் பின்னால் ஒரே ஒரு திருகாணி சற்றுத் தளர்ந்து, அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை உருவாகிவிட்டது என்று வையுங்கள். 14 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 20 வாட் சூடு. சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைச் சாக்கெட்டுக்குள் வைத்து இரவு முழுக்க எரியவிட்டது போலத்தான். முதலில் பிளக் முனை பழுப்பாகும், பிறகு கருகிய மீன் வாடை போல ஒரு நாற்றம் வரும், அதன் பிறகு பிளாஸ்டிக் இளகும். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் தலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியவில்லை என்றால் அன்றே நிறுத்துங்கள்.

செய்ய வேண்டியது இது. வீட்டு மின்விநியோகப் பெட்டியான டி.பி.யிலிருந்து காருக்கென்று தனி வயர், 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு, நடுவில் எந்த ஜாயின்ட்டும் இல்லாமல். கரண்ட் அளவு மீறினால் அணையும் 20 ஆம்பியர் எம்.சி.பி., அதோடு கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதுவும் ஏ டைப். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ.சி. டைப்பை மாட்டிவிடுவார்கள், சார்ஜரிலிருந்து நேர்மின்சாரம் கலந்த கசிவு வந்தால் அது உணராமல் போகலாம். சுவர் சாக்கெட்டுக்குப் பதில் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட முடிந்தால் சார்ஜர் கேபிளுக்கும் அதற்கேற்ற பிளக் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

அடுத்தது எர்த். வண்டி சார்ஜ் ஏறவில்லை, சிவப்பு விளக்கு எரிகிறது என்ற புகார்களில் பெரும்பங்கு இதுதான். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் பத்து இருபது காட்டும், சிலவற்றில் எர்த் வயர் எங்கும் போய்ச் சேர்ந்தே இருக்காது. வீடு கட்டியபோது எர்த் குழியில் கரியோடு போட்ட உப்பு கரைந்து, குழி காய்ந்து கிடக்கும். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். ஆகாவிட்டால் புதுக் குழி. கார் எர்த் இல்லை என்று மறுப்பது உங்கள் உயிருக்காகத்தான். அதை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டிலேயே இணைத்துத் தருகிற எலக்ட்ரீஷியனை உடனே நிறுத்துங்கள். நியூட்ரல் அறுந்த நாளில் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் இருக்கும்.

7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் பெரும்பாலான வீட்டுக்குத் தேவையில்லை. மாதம் 1,000 கிலோமீட்டர் என்றால் நாளுக்கு ஐந்தரை யூனிட். சாதாரண பிளக்கிலேயே இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வேண்டும் என்றால் அது ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர் இழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மூன்று ஃபேஸ் வீட்டில் ஏ.சி. இல்லாத ஃபேஸில் கொடுத்து, 6 ஸ்கொயர் எம்.எம். வயரும், தூரம் அதிகமானால் 10-ம் போட வேண்டும். உங்கள் இணைப்புக்கு ஈ.பி. அனுமதித்திருக்கும் லோடையும் கூட்ட வேண்டியிருக்கும். சோலார் அளவும் அந்த லோடைத் தாண்டக் கூடாது என்பதால், இரண்டையும் கணக்கிட்டு ஒரே முறை விண்ணப்பித்தால் ஒரு அலைச்சல் மிச்சம்.

சோலாருக்கு விண்ணப்பிக்கும் முன் ஈ.பி. அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். காலமான தாத்தா பெயரில் இருக்கும் இணைப்புகள் ஏராளம். முதலில் பெயர் மாற்றம். பெயர் பொருந்தாவிட்டால் மானியம் வங்கிக் கணக்குக்கு வருவதில் சிக்கல் வரும். பேனல் உள்நாட்டில் செய்த செல் கொண்டதாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று வேறு பேனலைத் தள்ளிவிடுகிறவரிடம் வாங்கினால் மானியம் போய்விடும். ஒரு பேனலுக்கு 540, 550 வாட் என்றால் 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல். சுமார் 300 சதுர அடி.

நிழலைப் பற்றி ஒரு விஷயம். பேனல் தெற்கு பார்க்க வேண்டும், தெற்கே தண்ணீர் டேங்க் இருக்கக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான், டிசம்பரில் சென்னையில் நண்பகல் சூரியன் 54 டிகிரி உயரத்தில் தெற்கே நிற்கும், ஆறடி டேங்க் நாலரை அடி நிழலை வடக்கே போடும். ஆனால் ஜூனில் சூரியன் நம் தலைக்கு வடக்கே பத்து டிகிரி போய்விடுகிறது. அந்த மாதங்களில் நிழல் தெற்கே விழும். வடக்குச் சுவரை ஒட்டிப் பேனலை வைத்து, கோடையில் ஏன் யூனிட் குறைகிறது என்று திகைப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சாய்வு பத்திலிருந்து பதின்மூன்று டிகிரி போதும். ஏப்ரல் வெயிலைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம்: பேனல் 60 டிகிரிக்கு மேல் சூடேறினால் பத்து சதவீதத்துக்கு மேல் உற்பத்தி இழக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் 720-க்குப் பதில் 500 வந்தாலும் பயமில்லை; அப்போது நிகர யூனிட் 270, அதுவும் கீழ்ப்படி விலையில்.

மாடியில் துணி காயப்போட வேண்டும், வடகம் பிழிய வேண்டும் என்று ஏழெட்டு அடி உயர ஸ்ட்ரக்சர் கேட்பது நியாயம். அப்படியானால் கால் பிடிப்பில் கஞ்சத்தனம் கூடாது. சென்னைக்குக் கட்டட விதிகள் வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். கோவைக்கும் மதுரைக்கும் 39. 2016 வர்தா புயலைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தட்டோட்டின் மேல் போல்ட் போட்டால் பிடிப்பும் இருக்காது, ஒழுகவும் செய்யும். கான்கிரீட் பீடம் கட்டி, நட்டு போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் கேளுங்கள். பேனல் கேபிள்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர் இரண்டு பக்கமும் ஒரே தயாரிப்பாக இருக்க வேண்டும். வெவ்வேறு கம்பெனியுடையது பார்க்கப் பொருந்தும், உள்ளே சரியாகத் தொடாது, ஒரு வருடம் கழித்து உருகும்.

சோலார் நிறைய உள்ள தெருவில் பகல் பன்னிரண்டு மணிக்கு, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று வரும். எல்லா மாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் லைனுக்குள் தள்ளும்போது வோல்டேஜ் 250-ஐத் தாண்டிவிடுகிறது. இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்கிறது. இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை தடிமனான கேபிள் போட்டால் கொஞ்சம் குறையும், ஈ.பி.யில் மனு கொடுத்து தெரு டிரான்ஸ்ஃபார்மரின் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்றச் சொல்லலாம். விடுமுறை நாளில் காரை அந்த நேரத்தில் சார்ஜ் போட்டாலே வோல்டேஜ் இறங்கி உற்பத்தி நிற்காமல் போகும். எடுத்ததையும் தந்ததையும் கழித்துக் காட்டும் நெட் மீட்டர் உள்ள வீட்டுக்குப் பகலோ இரவோ பில் ஒன்றுதான். ஆனால் மாலை ஆறிலிருந்து பத்து வரை மாநிலமே கரண்டுக்குத் திணறும் நேரம். இரவில் சார்ஜ் போட்டால் டைமரைப் பதினொன்றுக்கு வையுங்கள்.

நிலக்கரி வாதத்துக்கும் பதில் கடன்பட்டிருக்கிறோம். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.72 கிலோ கரியமில வாயு. நம் கார் வருடத்துக்கு 1,920 யூனிட் எடுத்தால் 1.4 டன். அதே தூரத்துக்குப் பெட்ரோல் 800 லிட்டர், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 1.8 டன். லைனில் கரண்ட் இழப்பு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு எல்லாம் இரு பக்கமும் கொஞ்சம் கூட்டும். ஈ.பி. கரண்டில் மட்டும் ஓடினால் வித்தியாசம் கால் பங்குக்குப் பக்கம்தான்; பேட்டரி செய்ததில் வெளியான கரியமில வாயுவையும் அதிலிருந்து கழிக்க வேண்டும். 3 கிலோவாட் பேனல் வருடத்துக்கு 4,300 யூனிட் தந்து 3 டன்னைத் தடுக்கிறது. காரை மாற்றியதைவிடக் கூரையை மாற்றியதே காற்றுக்குப் பெரிய நன்மை. ஊருக்கு நல்லது செய்யத்தான் மின்சாரக் கார் வாங்குகிறேன் என்பவர் பேனல் போடாமல் நிறுத்திக்கொள்ளக் கூடாது.

கடைசியாக, கரண்ட் போகும் நாள். மாடியில் வெயில் கொளுத்தினாலும் ஈ.பி. லைனோடு இணைந்த ஆன்-கிரிட் சோலார் மின்தடையில் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு உங்கள் மாடிக் கரண்ட் போய்ச் சேரக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாட்கணக்கில் இருண்டு கிடந்தபோது பேனல் இருந்த வீடும் இருட்டுதான். அங்கே உதவக்கூடியது கார். வெளியே கரண்ட் தரும் வசதியுள்ள வண்டியில் பாதி பேட்டரி இருந்தால்கூட இருபது யூனிட்டுக்கு மேல், ஏ.சி. போடாமல் ஃப்ரிட்ஜ், விசிறி, விளக்கு, போன் என்று ஐந்தாறு நாள் ஓட்டலாம். புயல் எச்சரிக்கை வந்ததும் நூறு சதவீதம் ஏற்றி, வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். சார்ஜிங் பாயின்ட்டை வெள்ளம் வந்த கோட்டுக்கு ஓரடி மேலே வையுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்யச் சொல்லுங்கள்.

காரிலிருந்து எடுக்கும் வயரில் ஃப்ரிட்ஜையும் விசிறியையும் நேரடியாக மாட்டுங்கள். இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரைச் செய்து சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மெயினை அணைக்க மறந்தால் அந்த 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்பக்கமாக ஏறி, மறுபக்கம் 11,000 வோல்ட்டாக வெளியே வரும். அந்த நேரத்தில் மழையில் கம்பத்தின் மேல் ஒருவர் உங்கள் தெருவுக்குத்தான் லைனை முடிந்துகொண்டிருப்பார்.